எங்கட கடலில் எடுத்த படம்

சனிக்கிழமை இரவுகளில் உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடிப் படம் பார்ப்பது எங்கட வழக்கம். கடன் வாங்கின புரொஜெக்டர், சுவரில் ஒரு வெள்ளைப் பெட்சீற், நிலத்தில் பாய். அவ்வளவுதான் தியேட்டர். படம் முடிஞ்ச பிறகுதான் உண்மையான காட்சி தொடங்கும். ஆளுக்கொரு கருத்து, ஆளுக்கொரு சத்தம்.

அப்படித்தான் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்தனாங்கள். 2025இல் வந்த படம். பொருளாதார நெருக்கடியில் இங்கிருந்து படகேறி ராமேஸ்வரம் போற ஒரு குடும்பத்தின் கதை. எங்களுக்கு அது தூரத்துக் கதையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில், கடல் கடந்து போன குடும்பங்களின் செய்தியை ஃபோனில் சார்ஜ் இருக்கும்வரை வாசிச்ச ஆக்கள் நாங்கள். படம் எங்களில் பாதிப்பேருக்குப் பிடிச்சது. மற்றப் பாதி, சசிகுமாரும் சிம்ரனும் பேசுற தமிழ் ஒரு வசனத்தில் யாழ்ப்பாணம், அடுத்த வசனத்தில் மதுரை எண்டு குறைப்பட்டது. முடிவும் அளவுக்கு மீறின இனிப்பு. ஆனால் ஒண்டைச் சொல்லத்தான் வேணும். 2000இல் ‘தெனாலி’ வந்த காலத்தில் எங்கட பேச்சு சிரிப்புக்கான பேச்சு. இந்தப் படத்தில் அதே பேச்சை வெளியில் காட்டாமல் மறைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை எண்டு எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டிருக்க, மூலையில் சாய்மனைக் கதிரையில் இருந்த அப்பப்பா (எங்களில் ஒராளின் அப்பப்பா, இப்ப எல்லாருக்கும் அப்பப்பா) கேட்டார்: “இந்தியாக்காரன் எடுத்ததைப் பற்றி இவ்வளவு கதைக்கிறியள். எங்கட கடலுக்குள்ள இறங்கி எடுத்த படத்தைப் பார்த்திருக்கிறியளோ?”

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. கேள்விப்படவும் இல்லை.

அந்தப் படம் ‘ரன்முத்து தூவ’. பொன்னும் முத்தும் உள்ள தீவு எண்டு பொருள். 1962 ஓகஸ்டில் வெளிவந்தது. சிங்களத்தில் முதலாவது முழுநீள வர்ணப்படம் அதுதான். இயக்கியவர் மைக் வில்சன் எண்ட ஆங்கிலேயர். சுழியோடி, படப்பிடிப்பாளர். விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி. 1956இல் இரண்டு பேரும் இலங்கைக் கடல்களில் சுழியோட வந்தவர்கள். கோணேசர் மலை அடிவாரத்தில் இறங்கின இடத்தில், 1620களில் போர்த்துக்கேயர் இடிச்ச கோயிலின் தூண்களும் கற்களும் கடலுக்கடியில் கிடக்கக் கண்டார்கள். அப்ப துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையின் கையில். அடுத்த வருஷம்தான் அது இலங்கையிடம் வந்தது. கிளார்க் இதைப் புத்தகமாக எழுதினார். வில்சனுக்கு அது படமாகத் தெரிஞ்சிருக்கு. கடலுக்கடியில் புதையல் தேடும் இளைஞர்கள், அதுக்குக் குறுக்கே வாற வில்லன்கள். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம, ஜீவராணி குருகுலசூரிய நடிச்சிருக்கிறார்கள். இசை அமரதேவ. காசு போட்டவர்களில் கிளார்க்கும் ஒருவர்.

(வில்சன் பிற்காலத்தில் முருக பக்தராகி, சுவாமி சிவகல்கி எண்டு பெயர் மாத்திக்கொண்டார். இதை ஒரு சினிமாவில் வைச்சால் நாங்களே நம்பமாட்டம்.)

தேடினம், இணையத்தில் ஒரு கொப்பி கிடைச்சது. அடுத்த சனிக்கிழமை போட்டம். கீழே எழுத்து இல்லை. துறைமுகத்தில் வேலை செய்து சிங்களம் பழகின அப்பப்பாதான் மொழிபெயர்ப்பு. அவருக்கு விருப்பமில்லாத வசனங்களை மொழிபெயர்க்கேல்லை எண்டு பிறகுதான் விளங்கிச்சு.

எங்கட கருத்து இதுதான். கதை மெல்லிசு. அடிபிடிக் காட்சிகளில் சிரிப்பு வந்தது. ஆனால் கமரா தண்ணிக்குள்ள போன உடனே விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. வர்ணப்படம் எண்டு பெயர் வாங்கின படத்தின் வர்ணம் நாங்கள் பார்த்த கொப்பியில் வெளுத்துப்போய்க் கிடந்தது. எண்டாலும் அது எங்கட கடல். பிள்ளைக்காலம் முழுக்க மலைக்கு மேலே நிண்டு எட்டிப் பார்த்த கடலை, 60 வருஷத்துக்கு முதல் ஒராள் கீழே இருந்து பார்த்திருக்கிறார். அதில் எங்கட ஊர்ச்சனத்தைத் தேடினம். அதிகம் அகப்படேல்லை. ஊர் அழகான இடமாக வருகுது, ஆக்கள் வாழுற இடமாக இல்லை. இதே காலத்தில்தான் மலைக்கு மேலே கோயிலைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். 1950இல் கிணறு வெட்டேக்குள்ள மண்ணுக்கடியில் அகப்பட்ட விக்கிரகங்களோட 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. கடலுக்கடியில் கிடந்த கோயிலில் கமராவுக்கு இருந்த ஆசை, மேலே கல் சுமந்தவர்களில் இல்லாமல் போச்சு எண்டுதான் எங்களுக்குப் பட்டது.

படத்தை அப்பப்பா பட்டணத்துத் தியேட்டரில் பார்த்தவர். பொடியன் காலம். எம்.ஜி.ஆர். படத்துக்குத்தான் கூட்டம் எண்டும், இதுக்குக் ‘கடல் காட்டுறாங்கள்’ எண்டு போனதெண்டும் சொன்னார். எழுபதுகளில் படம் வர முதலே படத்தைக் காதால் கேட்டுவிடுவார்களாம். இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜா ‘திரைவிருந்து’ செய்த காலம் அது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போன பிறகு, மதராஸ் படங்கள் எண்ணி எண்ணித்தான் வந்தன. ஒரு படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்த சனம்.

வீட்டுக்குள் படம் வந்தது 1977க்குப் பிறகு. திறந்த பொருளாதாரம், மத்திய கிழக்குக்குப் போய்வந்தவர்கள் காவிவந்த பெட்டிகள். 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி. தமிழ் நிகழ்ச்சிக்கு ஒதுக்கின நேரம் கொஞ்சம். ஒராள் கூரையில் அன்ரெனாவைத் திருப்ப, மற்றவர் கீழே நிண்டு “ஆ, ஆ, அதில நிப்பாட்டு” எண்டு கத்த, பார்த்தது முக்கால்வாசி சிங்களம். எங்கட அம்மாமார் ‘ஒஷின்’ பார்த்தது சிங்களத்தில். டைட்டஸ் தொட்டவத்த குரல் மாத்திக் கொடுத்த ‘ஹா ஹா ஹரி ஹாவா’ முயலிடம் சிங்களம் படிச்ச தமிழ்ப் பிள்ளைகள் இந்த ஊரில் கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிக்கூடம் படிப்பிக்காததை முயல் படிப்பிச்சது. சக்தி ரீவி 1998இலும் வசந்தம் 2009இலும் வந்து வீட்டைத் தமிழாக்கியது பிந்தின கதை.

தமிழ்ப்படம் எண்டால் டெக். டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்தால் ஒரு இரவுக்கு மூண்டு படம். முதல் சாமிப்படம், அது கிழவிகளுக்கு. பிறகு சிவாஜி. மூண்டாவதாக ரஜினி ஓடேக்குள்ள முழு வளவும் நித்திரை. எண்டாலும் வாடகை வீணாகக்கூடாது எண்டு ஒராள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருப்பார். 83க்குப் பிறகு இரவுக்காட்சிக்குப் போய்த் திரும்புறது எண்ட கதையே முடிஞ்சது. ஊரடங்கு, சோதனைச்சாவடி, வெறிச்சோடின தெரு. படம் பார்க்கிறது வீட்டுக்குள்ள, ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைச்சு எண்டு ஆனது. இண்டைக்கும் எங்கட அப்பாமார் ரீவிச் சத்தத்தைக் குறைச்சு வைக்கிறது அந்தப் பழக்கமோ தெரியாது.

அந்த 83 ஜூலையில் எரிஞ்சவற்றில் படமும் இருக்கு. ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. தமிழருக்குச் சொந்தமான தியேட்டர்கள் எரிஞ்சன. சிங்களப் படச்சுருளும் சேர்ந்துதான் எரிஞ்சது; நெருப்பு மொழி பார்க்கேல்லை. இலங்கைத் தமிழ்ப்படங்கள் எண்டு ஒரு வரிசை இருந்தது. ‘ரன்முத்து தூவ’ வந்த அதே 1962இல் 16 மில்லிமீற்றரில் எடுத்த ‘சமுதாயம்’, பிறகு ‘தோட்டக்காரி’, 1972இல் ‘குத்துவிளக்கு’, வானொலி நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’, செங்கை ஆழியானின் நாவலை எடுத்த ‘வாடைக்காற்று’. தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ எண்டு புத்தகம் எழுதி வைச்சதால் பெயராவது தெரியுது. படத்தைப் பார்க்காமல் படத்தைப் பற்றின புத்தகத்தை வாசிச்சு வளர்ற ரசிகர்கள் நாங்கள்.

கிடைச்சதில் ‘பொன்மணி’யைப் பார்த்தனாங்கள். 1977, தர்மசேன பத்திராஜ இயக்கியது. எழுத்து காவலூர் ராஜதுரை. யாழ்ப்பாணத்து வீடொண்டில் சாதியும் சீதனமும் பெண்பிள்ளைகளை எப்படி நெரிக்குது எண்டதுதான் கதை. மெதுவாய்ப் போகும். எங்களில் இரண்டு பேர் பாதியில் ஃபோனை எடுத்தவர்கள், பெயர் சொல்லேல்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே படம் இது. யாழ்ப்பாணத்தில் படிப்பிச்ச ஒரு சிங்கள இயக்குநர், பேசாமல் திண்ணையில் இருந்து பார்த்தமாதிரி எடுத்திருக்கிறார். சுவர், வேலி, கிணத்தடி, கதவுக்குப் பின்னால் நிக்கிற பெண். வில்சனுக்குக் கடல் தெரிஞ்சமாதிரி இவருக்கு வீடு தெரிஞ்சிருக்கு. படம் அப்ப ஓடேல்லை. மதராஸ் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகின சனம் கைவிட்டது. நாங்கள் 1977இல் இருந்திருந்தால் கைவிட்டிருக்கமாட்டம் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. டெக் காலமெண்டால் கட்டாயம் ஓடவிட்டுத் தள்ளியிருப்பம்.

இதெல்லாம் கதைச்சுக்கொண்டிருந்த இரவுதான் அப்பப்பா தன்ர அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டி கிடக்கெண்டு சொன்னார். இறக்கினால் ஒன்பது கசெற். பூஞ்சணம் பிடிச்சது, நாடா அறுந்தது போக நாலு மிஞ்சிச்சு. ஓடக்கூடிய டெக் தேடி இரண்டு கிழமை அலைஞ்சு, கடைசியில் கிண்ணியாவில் ஒரு வீட்டில் எடுத்தம். எங்கட கணக்கில், திருகோணமலையைப் பற்றி நாங்கள் பார்த்த ஆகச் சிறந்த படம் அதுக்குள்ள இருந்தது. ஒரு கலியாண வீடியோ. நடிகர் இல்லை, இயக்குநர் இல்லை. மாப்பிள்ளையின் கார் மெதுவாய்ப் போக, பின்னால் ஊர் முழுக்க வருகுது. கடைப்பலகைகள், சைக்கிள்கள், கடற்கரைப் பக்கத்து வீடுகள். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகள் சில அதில் கதவு திறந்தபடி நிக்குது. சமையல் கொட்டிலில் அப்பம்மா, கையில் அகப்பையோட, கமராவைக் கண்டு முகத்தைத் திருப்புறா. “நிப்பாட்டு, பின்னால போடு” எண்டார் அப்பப்பா. போட்டம். இன்னொருக்கா எண்டார். அதையும் போட்டம்.

தாலி கட்டுற நேரம் திரையில் கோடு கோடாய் வந்து, அப்படியே ரஜினி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆரோ அந்தக் கசெற்றுக்கு மேலேயே படம் பதிஞ்சிருக்கினம். வெற்றுக் கசெற் விலையான காலம். வீட்டில் ஆர் செய்ததெண்டு ஒருவரும் கேட்கேல்லை.

அப்பப்பா கொஞ்சநேரம் ஒண்டும் பேசேல்லை. நாங்கள் டெக்கை நிப்பாட்டப் போக, “விடு, ஓடட்டும்” எண்டார். “இது மூண்டாவதாப் போட்ட படம். அண்டைக்கு நித்திரையாப் போனனான்.”