தரிப்பு

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் பஸ்ஸில் இறங்க வேண்டியவர், “ஹோல்ட்ல நிப்பாட்டுங்க” என்பார். பலகையில் இருப்பதோ ‘பஸ் தரிப்பிடம்’. தமிழ்நாட்டில் அதையே ‘நிறுத்தம்’ என்கிறார்கள். மலைநாட்டுக்கு இலங்கைத் தமிழ் தேர்ந்த சொல்தான் பொருந்தும் என்பது என் துணிபு.

‘நிறுத்து’ பிறவினை. ஒருவர் நிறுத்த, வண்டி நிற்கிறது. ‘தரி’ அப்படியல்ல. தங்குதல், நிலைகொள்ளுதல் என்று ஒரு பொருள். தாங்குதல், சுமத்தல் என்று மற்றொன்று. ‘ஓரிடத்தில் தரித்திருக்க மாட்டான்’ என்பதில் முன்னது, ‘கருத்தரித்தாள்’ என்பதில் பின்னது. சமதரையில் இவை வேறு வேறு வேலைகள். சரிவில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஏற்றத்தில் ஆட்டோவை விடுபவர் கைபிரேக்கை மட்டும் நம்புவதில்லை. பின்சக்கரத்தடியில் ஒரு கருங்கல்லை உதைத்துச் செருகுவார். வண்டி தரிக்க, கல் பாரம் தரிக்கிறது.

இந்த இரட்டைப் பொருளை முழுமையாகக் காட்டும் வண்டி பினாங்கில் இருக்கிறது. அங்குள்ள தமிழர் கொடிமலை என்றழைக்கும் குன்றின் கம்பிவட ரயில், 1924 ஜனவரி 1ஆம் திகதி முறைப்படி திறக்கப்பட்டது. வடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று இறங்க மற்றது ஏறும். ஒன்றின் பாரத்தை மற்றது ஈடுகட்டும், மிச்சத்தை மேலேயுள்ள இயந்திரம் இழுக்கும். பழைய பாதை இரு பகுதிகளாக இருந்ததால் நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2011இல் வந்த புதிய பெட்டிகளோடு அந்த மாற்றம் போயிற்று.

வழியில் வயடக்ட், கிளேர்மொன்ட் போன்ற சிறு தரிப்புகள். அங்கே ஒரு பெட்டி நின்றால் அதன் இணையும் நின்றாக வேண்டும், அது நிற்கும் இடத்தில் மேடை இருந்தாலும் சரி, வெறும் காடாக இருந்தாலும் சரி. ஒருவர் பையோடு இறங்கும்வரை, எதிர்ப்பெட்டியில் இருப்பவர்கள் காரணம் தெரியாமல் காத்திருப்பார்கள். இரண்டு பெட்டிகளையும் அப்போது வடம் தாங்கிக்கொண்டிருக்கிறது.

1966 முதல் ஓடும் பழனி விஞ்சு என்ற இழுவை ரயிலுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. அடிவாரம் விட்டால் மலையுச்சிதான். ஆனால் நீலகிரி மலை ரயிலுக்கு வேண்டும். கல்லாறு தாண்டியதும் ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வருபவற்றில், தண்டவாள நடுவிலுள்ள பல்வரிசையைப் பற்றிக்கொண்டே வண்டி நிற்கிறது. அவற்றைத் தமிழ்நாட்டார் தரிப்பு என்று சொல்லத் தொடங்கலாம்.