நெய் மீது விழுந்த சந்தேகம்

வரிப்பத்தான்சேனையில் ஒரு கலியாண வீடு. சஹனைச் சுற்றி நாங்கள் ஆறு பேர். நெய்ச்சோறு வந்ததும் கூட்டாளி ஒருத்தன் தன் மூத்தாப்பாவிடம், "கிளினிக்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். "நெய் திண்டுதான் வளந்தோம் மகன், எங்களுக்கு என்ன வந்திச்சி?" என்றபடி அவர் சோற்றைப் பிசைந்தார். சட்டைப்பையில் கொலஸ்ட்ரோல் குளிசை. யார் சொல்வது சரி? தேடிப் பார்த்தோம். இந்தச் சண்டைக்கு நூறு வருசத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

1913இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். நாடிச் சுவர்களில் கொழுப்பு படிந்தது. கொலஸ்ட்ரோல்தான் குற்றவாளி என்று உலகம் முடிவெடுத்தது. ஆனால் 1976இல் அமெரிக்காவின் ஆல்பனியில் இமாயும் டெய்லரும் அவர்களது குழுவினரும் வேறொன்றைக் காட்டினார்கள்: காற்றுப்பட்டுக் கெட்டுப்போன கொலஸ்ட்ரோலில் உருவாகும் பொருட்கள்தான் முயலின் நாடியை மோசமாகப் புண்ணாக்கின. சுத்திகரித்த கொலஸ்ட்ரோல் அந்தளவுக்குச் செய்யவில்லை.

இதற்கு முன்பே எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றிய ஒரு புதிர் இருந்தது. 1950 முதல் 1954 வரையான சிங்கப்பூர் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் பேராசிரியர் டி.ஜே. தனராஜும் மற்றவர்களும் ஆராய்ந்து 1959இல் வெளியிட்டார்கள். சீனர்களைவிட இந்தியர்களுக்கு மாரடைப்பு நோய் பல மடங்கு அதிகம். ஒரே ஊர்தான், பிறகு ஏன்? 1987இல் நியூயோர்க் மருத்துவர் மார்க் ஜேக்கப்சன் லான்செட் இதழில் ஒரு பதில் சொன்னார். உருக்கிய நெய்யின் ஸ்டெரோல்களில் 12.3 சதவீதம் ஒக்சிசனேறிய கொலஸ்ட்ரோல். புது வெண்ணெயில் அது இல்லவே இல்லை. தலைப்பிலேயே "இருக்கக்கூடிய காரணம்" என்றுதான் அவர் போட்டிருந்தார். எங்களுக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. நெய்க்குப் பயந்து வனஸ்பதிக்கு மாறிய வீடுகளுக்கு அதிலிருந்த ட்ரான்ஸ் கொழுப்பு இன்னும் பெரிய தொல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும். சட்டியில் ஒக்சிசனேறும் கொலஸ்ட்ரோல் வேறு. நாடிச் சுவருக்குள்ளேயே ஒக்சிசனேறும் எல்.டி.எல். வேறு. பெரிய கதை இரண்டாவதுதான். எல்.டி.எல். துணிக்கைகள் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். அங்கே ஒக்சிசனேறியதும் உட்சுவர்க் கலங்கள் அபாயமணி அடிக்கும். இரத்தத்திலுள்ள வெள்ளைக் கலங்கள் ஓடிவந்து மக்ரோபேஜ்களாக மாறி அதை விழுங்கும். சாதாரண எல்.டி.எல்.லை எடுக்கிற வாசல், கலத்துக்குள் கொலஸ்ட்ரோல் நிறைந்ததும் குறைந்துவிடும். மக்ரோபேஜின் வாசலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1979இல் பிரவுணும் கோல்ட்ஸ்டைனும் கண்டது இதைத்தான். சஹனில் இருந்து எழும்பத் தெரியாதவன் மாதிரி விழுங்கி விழுங்கி அது நுரைக்கலமாகிச் செத்துப்போகும். அந்தச் சாவு அழற்சியை இன்னும் மூட்டும். கொழுப்பின் மேல்மூடி மெலிந்து வெடித்தால் இரத்தம் உறையும். அதுதான் மாரடைப்பு.

அப்படியென்றால் ஒக்சிசனேற்றத்தைத் தடுக்கும் விற்றமின் ஈ போதுமே? 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் அது தோற்றது. அழற்சியை நேரடியாக அடக்கினால்? 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்த 10,000 பேரளவில் கனகினுமாப் மருந்து பார்க்கப்பட்டது. எல்.டி.எல். குறையவில்லை, ஆனாலும் 150 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. உயிர் பறிக்கும் தொற்றுகள் மட்டும் கூடின.

இதையெல்லாம் மூத்தாப்பாவிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப குளிசைய விட்டுரலாமா?" என்றார். இல்லை, எல்.டி.எல். குறைந்தால் சுவருக்குள் சிக்குவதும் குறையும், குளிசைய விட வேணாம் என்றோம். நெய்யைப் பற்றி அவர் கேட்கவில்லை.