அடுக்களையில் நடக்கும் சிகிச்சை: வீடு தேடிச் செல்லும் பெற்றோர் பயிற்சி குறித்து

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், செல்மா ஃப்ரைபெர்க் கைக்குழந்தைகளுக்கான மனநலத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்கிய தாய்மார்களை அவருடைய குழுவினர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். அடுக்களை மேசையருகே உட்கார்ந்து பேசியதால் அடுக்களைச் சிகிச்சை என்றே அதற்குப் பெயர் வந்தது. 1975இல் அவர் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தாய் வருகிறார். ஐந்தரை மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது; தாயின் காதில் அது ஏறவில்லை. சிறுவயதில் அந்தத் தாய் அழுதபோதும் யாரும் கேட்டதில்லை. அந்தப் பழைய அழுகைக்கு ஒருவர் காதுகொடுத்த பிறகுதான் அவர் தன் குழந்தையை அள்ளி அணைக்கிறார்.

வீடு தேடிச் செல்லும் சிகிச்சைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் வசதி. பேருந்துச் செலவு மிச்சம், ஒருநாள் கூலி போகாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டாம். இவை மெய்யான காரணங்களே. ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால் வீடு மருத்துவமனையின் கிளையாகச் சுருங்கிவிடும். என் வாதம் வேறு. மருத்துவமனைக்கு வரும்போது சிக்கல் ஒரு முறையீடாக வருகிறது: "சாப்பிடவே மாட்டேங்குறான்." வீட்டில் அதே சிக்கல் கண்முன் நிகழ்கிறது. யார் ஊட்டுகிறார், தொலைக்காட்சி எந்தப் பக்கம் ஓடுகிறது, பாட்டி எந்த நொடியில் குறுக்கிடுகிறார் என்பதெல்லாம் கூடவே தெரிகின்றன. அவற்றை மாற்றக்கூடியவர்கள் அந்த வீட்டாரே. ஆகவே சிகிச்சையாளர் எத்தனை முறை வந்தார் என்பதைவிட, வாரத்தில் அவர் வராத மற்ற ஆறு நாள்களில் அங்கே என்ன நடந்தது என்பதே இத்துறைக்கு உரைகல்லாக இருக்க வேண்டும்.

மாற்றம் வீட்டார் கையில்தான் என்பதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையில் சிகிச்சையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருந்து, பெற்றோரின் காதுக்கருவி வழியே வழிகாட்டுகிறார். குழந்தையோடு பேசுவது பெற்றோர்தான். வீட்டில் கண்ணாடியும் இல்லை, மறைவும் இல்லை. டெலவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர் வடிவமைத்த பத்து அமர்வுத் திட்டத்தில் பயிற்றுநர் தரையில் கூடவே உட்கார்ந்து, நடப்பதை நடக்கும்போதே சொல்கிறார்: "அவன் கரண்டியை நீட்டினான், நீங்கள் உடனே கைநீட்டி வாங்கினீர்கள். தான் செய்வதற்குப் பலன் உண்டு என்று அவனுக்கு அதில் புரிகிறது." இவ்வகைக் குறிப்புகளைப் பயிற்றுநர் அடிக்கடி சொன்ன வீடுகளில் பெற்றோரிடம் கூடுதல் மாற்றம் தெரிந்ததை அக்குழுவின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பாராட்டைவிட இது கடினமான வேலை. தாய் தன்னையறியாமல் சரியாகச் செய்ததை அந்த நொடியிலேயே கண்டுபிடித்து, அவரிடமே திருப்பித் தர வேண்டும்.

நீண்டகாலச் சான்று ஜமைக்காவிலிருந்து வருகிறது. 1986–87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் ஆய்வுக்குச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சத்துணவு, ஒரு பகுதியினருக்கு விளையாட்டுப் பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒருமணி நேரம் வீட்டுக்குப் போய், தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாட வழிகாட்டினார்கள். பொம்மைகள் பெரும்பாலும் வீணான பொருள்களில் செய்தவை. அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு பொம்மைகளை மாற்றித் தந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் பார்த்து, 2014இல் வெளியிட்ட தொடராய்வில், விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படியொரு நீடித்த பலன் தெரியவில்லை. இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்வது அந்தப் பொம்மைதான். பணியாளர் எழுந்து போன பிறகும் அது வீட்டில் கிடக்கிறது. தாய் அதைக் கையில் எடுக்க ஒரு வாரம் இருக்கிறது.

அதே பாடத்திட்டம் கொலம்பியாவில் 96 நகராட்சிகளுக்கு விரிந்தது. பதினெட்டு மாத முடிவில் குழந்தைகளின் அறிவுத்திறனும் மொழியும் மேம்பட்டிருந்தன. பெற்றோர் குழந்தைக்காகக் கூடுதலாகச் செலவிட்ட நேரமும் பொருளுமே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் எஞ்சியிருக்கவில்லை. இரு நாடுகளின் குழந்தைகளும் பணியாளர்களும் வேறு. ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. எனினும் பலன் பெற்றோரின் கைவழியேதான் வந்தது என்றால், வருகை நின்றபின் அந்தக் கை என்ன செய்தது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வருகைகளை மட்டும் எண்ணும் திட்டம் இதைக் கேட்பதே இல்லை.

தெற்காசியாவுக்கு வருவோம். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் பெற்றோரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. சிறப்பு மருத்துவர் அல்லாத பணியாளர்கள், தாயும் குழந்தையும் விளையாடும் காணொளியைத் தாயோடு சேர்ந்து பார்த்துப் பேசினார்கள். குழந்தையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் பேசுவது கூடியது. குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரமோ குறைந்தது. இம்முடிவை மறைக்காமல் வெளியிட்டது அக்குழுவின் நேர்மை. பயிற்சி எதைத் தொடுகிறதோ அது மாறுகிறது. அருகிலுள்ளது தானாக மாறிவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வேர் உண்டு. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று குடும்பத்தை மையமாக வைத்துப் பயிற்சி தருகிறார்கள். நம் வீடுகளில் இப்பணிக்குத் தனியான ஒரு சங்கடம் உண்டு. வருபவர் வருவதற்குள் தாய் அறையைப் பெருக்கி, துணிகளை மறைத்து, குழந்தைக்குச் சட்டை மாற்றிவிடுகிறார். "வளர்ப்பு சரியில்லை" என்ற சொல்லை ஏற்கெனவே மாமியாரிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டவர் அவர். ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக் குறைவே காரணம் என்று 1960களில் புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் எழுதியதும் உலகெங்கும் தாய்மார்களைக் காயப்படுத்தியது. படிவத்தோடு வரும் பணியாளரை அந்தத் தாய் இன்னொரு நீதிபதியாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

எனவே, தாய் நீட்டும் காப்பியை வாங்கிக் குடிப்பது தொழில்நெறி மீறல் என்று நான் கருதவில்லை. குடித்தால் விருந்தாளி, விருந்தாளிக்கு முன்னால் தாய் வீட்டின் தலைவி. பாட்டியையும் விளையாட்டில் உட்கார வைக்க வேண்டும்; இல்லையேல் கற்றுக்கொடுத்தது மறுநாளே "பச்சப்புள்ளைய ஏன் படுத்துறே" என்ற ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போகும்.

நடைமுறையில் நான் கோருவது சிறியது. வருகைப் பதிவேட்டில் தேதி, நேரம், செய்த பயிற்சி என்ற கட்டங்களுக்கு முன்னால் இன்னொரு கட்டம் வேண்டும்: சென்ற வாரம் இந்த வீட்டார் தாங்களாகவே என்ன செய்தார்கள்? பணியாளர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதலில் அதைக் கேட்டு, தாய் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும்.