கொதிநெய்

பேரன் விளையாடும் ‘செல்டா’ வீடியோ கேமில் நிலவறைகளுக்குள் நெருப்புக்குழம்பு கொதித்துக் கிடக்கும். விழுந்தால் இதயம் குறையும். அவ்வளவுதான், எழும்பி ஓடலாம். எங்கள் பூதப்பாண்டிக்குத் தெற்கே, சுசீந்திரத்தில் கொதித்தது நிசமான நெய். கைமுக்கு என்பார்கள். ஒழுக்கக்கேடு சாட்டப்பட்ட நம்பூதிரி, தாணுமாலயன் கோயிலில் கொதிநெய்க்குள் கையை விட்டு, உள்ளே கிடக்கிற உருவை எடுக்கவேண்டும். உடனே கையைத் துணியால் கட்டிவிடுவார்கள். மூணாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. கொதிநெய்யில் வேகாத கை எந்த ஊரில் உண்டு? இந்திரனே இங்கே நெய்யில் முங்கிப் பாவம் தீர்த்தான் என்று தலபுராணம் வேறு துணைக்கு நின்றது. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள்தான் இதை நிறுத்தினார். சங்கீதத்துக்காக அவரைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம். கே. கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் வரலாற்றைத் தேடிப் படியுங்கள்.