அழற்சியும் இருமுனைக் கோளாறும்: டிரென்டன் தந்த பாடம்

'அழற்சி' என்னும் சொல்லின் வேர் 'அழல்'. அதற்கு நிகரான இலத்தீன் சொல்லும் தீமூட்டுதலையே குறித்தது. உடலில் மூளும் இத்தீ மனத்தையும் கலக்கக்கூடும் என்ற ஐயம் இன்றைய ஆய்வகங்களில் பிறந்ததன்று.

1899இல் எமில் கிரெபெலின் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், மிகையெழுச்சியும் மனச்சோர்வும் கொண்ட நோயைத் தனியே வகைப்படுத்தினார். இன்றைய இருமுனைக் கோளாறு அதனுள் அடங்கும். 1913இல் நொகுச்சியும் மூரும் 'பொதுப் பக்கவாதம்' என்னும் மனநோயால் இறந்தோரின் மூளையில் சிபிலிஸ் கிருமியைக் கண்டனர். ஒரு மனநோய்க்குக் கிருமி காரணமெனில் ஏனையவற்றுக்கும் அவ்வாறே இருக்கலாம் என்ற நம்பிக்கை வலுத்தது.

அந்நம்பிக்கையை எல்லை கடந்து கொண்டுசென்றவர் ஹென்றி காட்டன். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டிரென்டன் மனநல மருத்துவமனைக்குத் தலைவராயிருந்த அவர், உடலில் மறைந்திருக்கும் தொற்றின் நஞ்சே மூளையைக் கெடுக்கிறது என்றார். முதலில் நோயாளிகளின் பற்கள் பிடுங்கப்பட்டன. பின்னர் டான்சில்களும் பெருங்குடலும் அகற்றப்பட்டன. பெனிசிலின் வராத காலம் அது. குடல் அறுவைக்கு உட்பட்டோர் பலர் இறந்தனர். ஆயினும் பெரும்பான்மையோர் குணமடைவதாகக் காட்டன் அறிவித்தார்.

நியூயார்க்கில் கோப்பெலோஃப் குழுவினர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் தொற்றுற்ற பகுதிகளை அகற்றினர். இரு பிரிவினரிடையே வேறுபாடு தோன்றவில்லை. டிரென்டனின் பதிவேடுகளை ஆராய்ந்த ஃபில்லிஸ் கிரீனேக்கரும் காட்டனின் கூற்றை மறுத்தார். அவ்வாய்வுக்கு ஏற்பாடு செய்த அடால்ஃப் மேயரோ அறிக்கையை வெளியிடவில்லை. அறுவைகள் தொடர்ந்தன.

எனினும் அந்த ஐயம் முற்றிலும் பிழையன்று. இருமுனைக் கோளாறு உடையோரின் இரத்தத்தில், குறிப்பாக மிகையெழுச்சியின்போது, அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் சராசரியாக உயர்ந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வுயர்வு எல்லாரிடமும் இல்லை. அது நோயின் காரணமா, விளைவா, உடற்பருமன் போன்றவற்றின் துணைவிளைவா என்பதும் முடிவாகவில்லை.

2019இல் வெளியான ஆய்வொன்றில், இருமுனைச் சோர்வுடைய 60 பேருள் ஒரு பிரிவினர் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் அழற்சி எதிர்ப்பு மருந்தையும் மற்றவர்கள் வெற்று மருந்தையும் பெற்றனர். 12 வாரங்களின் முடிவில் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. சிறுவயதில் உடல்வதைக்கு உள்ளானோரிடம் மட்டும் பயன் தென்பட்டது. அதுவும் மேலும் சோதிக்கப்பட வேண்டியதே.

உடலை ஐயுற்றது காட்டனின் பிழையன்று. ஒப்பிட்டுப் பாராமல் தம் ஐயத்தை முடிவாகக் கொண்டதும், மறுப்பு வந்தபின்னும் கத்தியைக் கீழே வைக்காததுமே பிழை. அதற்கு விலை கொடுத்தவர்கள் மறுத்துப் பேச இயலாத நிலையில் இருந்த நோயாளிகள்.