கொற்கைக் குளமும் விலகிய கடலும்

கொற்கைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நம்மிடம் எழுப்பப்படும் முதல் வினா, “ஐயா, கடல் எங்கே?” என்பதே. பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பாடத்தில் படித்தவர்கள் நேரில் காண்பதோ ஒரு நன்னீர்க் குளம், வெற்றிவேல் அம்மன் கோயில், சுற்றிலும் வயலும் வாழையும். கடல் கிழக்கே ஏறத்தாழ 6, 7 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

பழம்பெருமை பேசும்போது ‘கடல் கொண்டது’ என்று முடிப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது. பூம்புகாருக்குச் சொல்லும் அதே வாய்பாட்டைக் கொற்கைக்கும் சொல்லிவிடுகிறோம். மேடைகளில் நாமே கேட்டிருக்கிறோம். ஆனால் கொற்கையைக் கடல் கொள்ளவில்லை, விட்டு விலகியது. விலக்கியதில் பெரும்பங்கு தாமிரபரணிக்கு உண்டு.

பொதிகையில் பிறந்து 125 கி.மீ. அளவே ஓடும் சிற்றாறுதான் அது. எனினும் இரு பருவமழையையும் பெறுவது; வெள்ளந்தோறும் வண்டலைச் சுமந்துவந்து முகத்துவாரத்தில் இறக்குவது. மன்னார் வளைகுடாவின் கரையோரக் கடலோ ஆழமற்றது. வண்டல் சேரச் சேரக் கரை கிழக்கே நகர்ந்தது. பழங்காலத்தில் கடல்மட்டம் சற்றே தாழ்ந்ததும் இதற்குத் துணைசெய்தது என்பர் நிலவியலார்.

கடல் விட்ட நிலம் உடனே வயலாகிவிடாது. முதலில் அது உவர். ஆற்றுநீர் பலகாலம் ஏறி உப்பைக் கழுவிய பிறகே நெல்லை ஏற்கும். உப்பு மிகுந்த மண்ணை உவர் என்றும், காரம் ஏறி இறுகியதைக் களர் என்றும் வேளாண் துறையார் இன்றும் பிரித்துச் சொல்கின்றனர். கல்லாதவர்க்கு உவமை தேடிய வள்ளுவர் களரைத்தான் எடுத்துக்கொண்டார். கொற்கைக் குளம் இனித்துக் கிடப்பது ஆற்றுநீரின் கொடை. கிழக்கே பழையகாயலைத் தாண்டித் தூத்துக்குடிச் சாலையில் சென்றால் உப்பளங்கள் வெள்ளைவெளேரெனத் தொடங்கிவிடுகின்றன.

கொற்கையின் தொன்மையில் ஐயமில்லை. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது (95 ஆண்டு முன்பின் இருக்கலாம்). தாலமி இவ்வூரைக் கொல்கை என்று குறித்தார். செங்கடற் பயணநூல் எனும் பெரிப்ளுஸ், இங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக்குளித்தனர் என்கிறது. முத்தின் ஒளியைப் பாடும் நம் உரையாசிரியர்கள் இச்செய்தியை அதிகம் தொடுவதில்லை.

கரை நகர்ந்தபோது துறைமுகமும் பின்தொடர்ந்தது. கடலை அணுகிக் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலில் ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்றன. அதையும் வண்டல் விடவில்லை. போர்த்துக்கீசியர் காலத்தில் முகத்துவாரத்துப் புன்னைக்காயல் ஓங்கியது. இடையன்குடிக் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து, இவ்விரண்டின் வீழ்ச்சிக்கும் வண்டலே காரணம் என 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அதன் பின்னும் கடல்கோள் கதை ஓயவில்லை! அழுவதற்கு வசதியான கதை அது.

துறைமுகங்கள் இடம் மாறினாலும் இந்தக் கரையை விட்டு அகலாததற்கு ஒரு காரணம் முத்துச்சிப்பிப் பார்கள். அவை கடலுக்குள் இருப்பவை, வண்டலுக்கு எட்டாதவை. இறுதியில் வாணிகம் தூத்துக்குடியில் நிலைத்தது. அது ஆற்றுமுகத்திற்கு வடக்கே விலகி, முயல்தீவின் மறைவில் அமைந்த ஊர். அங்கும் கரையோர ஆழம் போதாமல் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1974இல் புதிய துறைமுகம் வந்த பிறகே பெருங்கப்பல்கள் கரையை அணைந்தன.