பொது இடமும் முதியோர் பொறுப்பும்: முல்லைத்தீவின் பழைய ஏற்பாடு

முல்லைத்தீவு மாவட்டத்தில் முதியோர் நலன் பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் மாதக் கொடுப்பனவிலும் ஒக்டோபர் முதலாந்திகதி நடக்கும் முதியோர் தின விழாவிலும் வந்து நின்றுவிடும். பொது இடங்களைப் பற்றிய பேச்சு வேறொரு மேசையில் நடக்கும். அங்கே சிறுவர் பூங்கா, விளையாட்டு மைதானம், கடற்கரையை அழகுபடுத்தல் என்பவை வரும். ஒன்று சமூக சேவைப் பிரிவின் வேலை, மற்றது பிரதேச சபையின் வேலை என்று ஆகிவிட்டதால், இவ்விரண்டும் ஒரே காரியமாக இருந்த காலம் கணக்கில் வருவதில்லை. இந்த மண்ணின் பழைய வழக்கத்தில் ஊர் கூடும் இடமும் அந்த இடத்தில் முதியவருக்குரிய பொறுப்பும் பிரிக்கமுடியாதபடி சேர்ந்திருந்தன. இன்று நாம் முதியவருக்கு இருக்கை தருகிறோம், பொறுப்பைத் தருவதில்லை. முதியோர் திட்டங்கள் பல உயிரோட்டமின்றிப் போவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் வாதம்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலைப் பார்த்தால் இது விளங்கும். பொங்கல் ஒரு நாள் நிகழ்வுபோலத் தோன்றினாலும், பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு அதன் வேலைகள் முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. பின்னர் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கப்பட்டு முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்கு வருகிறது. அங்கே அந்த உப்புநீரில் விளக்கெரிவதாக நம்பப்படுகிறது. அதன்பின் மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, நந்திக்கடலோரத்தில் பொங்கல் நிறைவேறுகிறது. கடற்கரை, உள்ளூர்க் கோயில், களப்புக்கரை ஆகிய மூன்று பொது வெளிகளையும் பல ஊர்களின் உழைப்பையும் ஒரே நூலில் கோக்கும் ஏற்பாடு இது. யார் எதை எந்த வேளையில் எப்படிச் செய்யவேண்டும் என்ற அறிவு எழுத்தில் இருந்ததைவிட வயதானவர்களிடம் இருந்ததே அதிகம். கண்ணகி கதையைப் பாடத் தெரிந்தவர், முறை தவறினால் திருத்தத் தெரிந்தவர், இளையவருக்குப் பழக்கிக் கொடுக்கத் தெரிந்தவர் என முதுமைக்கு ஒரு வேலைப்பட்டியலே இருந்தது. முல்லைத்தீவுக்குரிய கோவலன் கூத்தும் அப்படியே. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் இல்லாமல் களரி இல்லை. கூத்துப் பழகும் மாலைகளே ஊரின் பொழுதுபோக்கு. கிழவர்கள் வெறும் பார்வையாளராக இராமல் ஆட்டத்தின் தரத்தை எடைபோடுபவராக அங்கே இருந்தார்கள்.

உள்நாட்டுக் கிராமங்களில் இந்த இடம் குளக்கட்டாக இருந்தது. வன்னியின் ஊர்கள் குளத்தைச் சுற்றி அமைந்தவை. கட்டோரத்து ஐயனாரும் பொங்கலும் அதனோடு வந்தவை. காலபோகத்துக்கு எப்போது விதைப்பது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்னைய வறட்சிகளையும் வெள்ளங்களையும் கண்டவர்களே சொல்லமுடியும். கரையோரத்தில் அது மீனவரின் வாடியடியாக இருந்தது. கடலுக்குப் போகும் வலு குறைந்தவர் வலை பொத்தியபடி, கரைவலைக்காரருக்கு நீரோட்டம் சொல்லியபடி கரையிலேயே இருந்தார். ஓய்வையும் உழைப்பையும் கோடு கிழித்துப் பிரிக்காத வாழ்க்கை அது.

இந்த ஏற்பாடு போரில்தான் உடைந்தது என்று சொல்வது பாதி உண்மை. முதல் விரிசல் சட்டத்தில் விழுந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பயிரிடப்படாத நிலத்தையும் காட்டையும் முடிக்குரியதெனக் கொண்டது. மேய்ச்சல் தரவையும் காடும் ஊரார் கூடிப் பயன்படுத்தியவையாக இருந்தும், சட்டத்தின் கண்ணில் ஊருக்குச் சொந்தமற்றவையாயின. 1871இன் கிராமச் சமுதாயக் கட்டளைச்சட்டம் குளம், மேய்ச்சல் போன்றவற்றில் ஊர்மட்டத்துக்கு ஓரளவு அதிகாரத்தை மீட்டுத் தந்தது. அதன் வழிவந்த கிராமசபைகள் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு இடம்விட்டு மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. கிராமத்துக்கு அருகில் இருந்த அதிகாரம், பல கிராமங்களைக் கொண்ட பெரும் பரப்புக்கு நகர்ந்தது. அதன் பிறகு இந்த மாவட்டத்துக்கு அந்தச் சபையும் நெடுங்காலம் வாய்க்கவில்லை. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்புப் பிரதேச சபைகளின் தேர்தல், கண்ணிவெடி அகற்றலும் மீள்குடியேற்றமும் முடியவில்லை என்ற காரணத்தால் 2011இலிருந்து திரும்பத்திரும்பப் பிற்போடப்பட்டு, 2018 பெப்ரவரியில்தான் நடந்தது.

மீதியை ஆழிப்பேரலையும் போரும் செய்தன. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றரை இடைவலயமாக அறிவித்தபோது, கடற்றொழில் குடும்பங்கள் உள்ளே நகர்த்தப்பட்டன. வீடு கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் நடக்க முடியாத முதியவருக்கு வாடியடி எட்டாத தூரமாயிற்று. போர் முடிந்த 2009 மே மாதத்தின் பின் வன்னி மக்களில் பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாபிலவு மக்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை, சீனியாமோட்டையில் ஒரு மாதிரிக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மாதிரிக் கிராமத்தில் வீடும் பாதையும் வரைபடத்தில் வரும். எந்த மரத்தின்கீழ் யார் தீர்ப்புச் சொல்லியிருந்தார் என்பது வராது.

இத்தகைய நிலத்தில்தான் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் செயற்பட வேண்டியிருந்தது. அது நல்ல சட்டம். அறுபது வயதைக் கடந்தோரைத் தனி உரிமையுள்ளோராக ஏற்று, தேசியச் செயலகம் அமைத்து, பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரும் சபையையும் நிறுவியது. கிராமம்வரை முதியோர் குழுக்களுக்கும் வழி பிறந்தது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்களில் 12.4 சதவீதத்தினர் அறுபதைத் தாண்டியவர்கள். இந்த ஆயத்தம் அவசியமானதே. ஆனால் கிராமத்து முதியோர் சங்கத்துக்கு ஒரு நிலம் இல்லை, ஒரு குளம் இல்லை, தீர்மானிக்க ஒரு விடயமும் இல்லை. பெயர்ப்பட்டியலும் கூட்டக்குறிப்பும் மட்டுமே அதன் கைப்பொருளாக இருக்கும்போது, உறுப்பினர் ஏன் வரவேண்டும்?

பழைய ஏற்பாட்டை இப்படிப் புகழ்வதற்கு எதிராக ஒரு கனமான கேள்வி உண்டு. கோயில் வீதி எல்லாருக்கும் திறந்திருந்ததா? இல்லை. சாதி அங்கே வழிமறித்தது, சடங்குப் பணிகள் பரம்பரையாகப் பிரிந்திருந்தன, தீர்மானிக்கும் வட்டத்துக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். இதை மறைத்துவிட்டு மரபைப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் பொறுப்பு என்ற அம்சம் பரம்பரையோடு பிறந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இதற்குச் சான்றை வன்னியின் புதிய ஊர்களே தருகின்றன. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்துக்குப் பிறகு எழுந்த குடியேற்றத் திட்டங்களிலும், 1958, 1977 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள் அமைத்த ஊர்களிலும் பூர்வீக உரிமை என்று காட்ட யாரிடமும் ஒன்றுமில்லை. ஆயினும் அவர்கள் கோயில் பரிபாலன சபையும் கூட்டுறவுச் சங்கமும் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் ஒரு தலைமுறைக்குள் கட்டிக்கொண்டார்கள். வாக்களித்துத் தெரிவான நிர்வாகம், சந்தா, வாசிகசாலைத் திறப்பை வைத்திருக்கும் ஒருவர் என்ற அந்தச் சிறிய அமைப்பு, பழைய பொறுப்பைப் பிறப்பிலிருந்து பிரித்துப் பொதுவாக்கியது. அது எல்லா இடத்திலும் சாதியைக் கரைக்கவில்லை என்பதும் உண்மை. திசை சரியானது என்பதே இங்கே முக்கியம்.

இன்னொரு மறுப்பு, வீடும் குடிநீரும் தொழிலும் முழுதாக இல்லாத மாவட்டத்தில் பூங்காவும் பொழுதுபோக்கும் ஆடம்பரம் என்பது. புதிதாகக் கட்டி, வேலியடித்து, காவலாளி வைக்கும் பூங்காவைப் பற்றியென்றால் நானும் உடன்படுவேன். ஆனால் ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர் பரப்பில் 2012இல் சுமார் 92,000 பேர் மட்டுமே வாழ்ந்த மாவட்டம் இது. இங்கே குறைவாக இருப்பது நிலமல்ல, மக்கள் கையில் உள்ள நிலம். படைமுகாம்களும், வனம், வனஜீவராசிகள், தொல்லியல் திணைக்களங்களின் எல்லைக் கற்களும் ஊரின் தரவைக்கும் குளத்துக்கும் அருகே வந்து நிற்கும்போது, பொது வெளியைக் காப்பது வாழ்வாதாரத்தைக் காப்பதற்கு வேறானதல்ல.

முதியவர்கள் தமக்கு ஒரு காரியம் இருந்தால் எவ்வளவு தூரமும் வருவார்கள் என்பதற்கு அண்மைய வரலாறே சாட்சி. 2017 தொடக்கத்தில் கேப்பாபிலவில் படையினர் வசமிருந்த காணியை மீட்கத் தெருவோரம் அமர்ந்தவர்களிடையே வயதானவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் முல்லைத்தீவில் தொடர் போராட்டம் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளில் பலர் தாய்மாரும் தந்தையரும்தான். விடை கிடைக்காமலே சிலர் இறந்தும் போனார்கள். ஒரு மாவட்டத்தின் முதியோர் அதிகம் கூடிய இடம் போராட்டக் கொட்டில் என்பது அவர்களின் உறுதிக்குப் பெருமை, நம் பொது நிர்வாகத்துக்கு வெட்கம்.

2025 மே மாதத்தில் புதிய பிரதேச சபைகள் தெரிவாகியிருக்கின்றன. அவற்றின் உறுப்பினர்களிடம் கேட்பதற்கு அதிகமில்லை. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் குளக்கட்டு, தரவை, வாடியடி, மைதானம், சனசமூக நிலையக் காணி எவை என்று அவ்வூர் முதியவர்களை வைத்தே ஒரு பதிவேடு எழுதுங்கள். அந்த இடங்களின் மேற்பார்வையை, பெண்களுக்குச் சரிபாதி இடம் உறுதிசெய்து, முதியோர் சங்கத்தின் கையில் எழுத்தில் கொடுங்கள். அந்த இடங்களை அறிந்த முதியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.